வாய்ப்பாட்டை கேமாக்குவது: 4, 5-ஆம் வகுப்புக்கு ஸ்க்ராட்ச் வழிகாட்டி

மேலிருந்து ஓர் ஆப்பிள் விழுகிறது. அதன் பக்கத்தில் 56 என்று ஓர் எண். கீழே ஒரு கூடை. 7-ஆம் வாய்ப்பாட்டில் வரும் எண்ணாக இருந்தால் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். இந்த ஒரு கேமை 4 அல்லது 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளே ஸ்க்ராட்ச்சில் செய்து முடிப்பதற்கான வழி இது. ஸ்க்ராட்ச் என்பது, பிளாக் எனப்படும் வண்ணக் கட்டளைக் கட்டைகளை இழுத்து அடுக்கி கேம் செய்யும் மென்பொருள். 40 நிமிட பீரியட் எட்டு தேவைப்படும். அவசரப்பட்டு ஆறில் முடித்தால், கடைசியில் பிள்ளைகளின் கேமை ஆசிரியர்தான் முடித்துத் தர வேண்டியிருக்கும்.

## 1. முதலில் விதி, அப்புறம்தான் கம்ப்யூட்டர்

பாடம் கேமின் விதிக்குள் இருக்க வேண்டும், படத்தில் இருந்தால் போதாது. பின்னணியில் கரும்பலகைப் படம் வைத்து, ஓரத்தில் 7 × 8 = 56 என்று எழுதிவிட்டால் அது கணக்கு கேம் ஆகிவிடாது. அந்தக் கணக்கே தெரியாத பிள்ளையும் அதில் ஜெயிக்க முடியும்.

விதியைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: “வருவதையெல்லாம் பிடித்துக்கொண்டே போனால் ஜெயிக்க முடியுமா?” சரியானதைப் பிடித்தால் 1 மதிப்பெண், தவறானதைப் பிடித்தால் எதுவும் இல்லை என்று விதி வைத்தால், எல்லாவற்றையும் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். பிள்ளைகள் இதை இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் எண்ணைப் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே தவறாகப் பிடித்தால் ஏதாவது போக வேண்டும்.

மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். 0-க்குக் கீழே போனால் திரையில் -1 என்று வரும். குறை எண்களை இன்னும் படிக்காத வகுப்பில் அது வீண் குழப்பம். அதற்குப் பதிலாக 3 உயிர் கொடுங்கள், தவறுக்கு ஓர் உயிர் போகட்டும். உயிர் என்ற சொல்லை எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை.

## 2. லேபில் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

ஸ்க்ராட்ச் செயலியை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நிறுவிவிடுங்கள். விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும். நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை. இணையத்தை நம்பி ஆரம்பித்தால், இருபது கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறக்கும்போது பாதி பீரியட் போய்விடும்.

மவுஸ் கட்டாயம். லேப்டாப்பின் டச்பேடில் பிளாக்கை இழுத்துப் பொருத்துவது சின்னக் கைகளுக்குச் சிரமம். பாதியில் விட்டுவிட்டு, “ஒட்டமாட்டேங்குது மிஸ்” என்பார்கள்.

ஒரு தொடக்கக் கோப்பை நீங்களே செய்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் போடுங்கள். திறந்ததும் வரும் பூனையை நீக்கிவிட்டு, ஸ்க்ராட்ச்சின் படத் தொகுப்பிலிருந்து ஆப்பிளையும் கிண்ணத்தையும் சேருங்கள். ஆப்பிளின் அளவை 60 ஆக்குங்கள். கிண்ணத்தை x (இட வலம்) 0, y (மேல் கீழ்) -130 என்ற இடத்தில் வையுங்கள். ஸ்ப்ரைட்டுகளுக்கு, அதாவது இந்த உருவங்களுக்கு, பழம், கூடை என்று தமிழிலேயே பெயரிடலாம். மதிப்பெண், உயிர், நேரம், எண் என்ற நான்கு வேரியபிள்களையும் (மாறும் மதிப்பை வைத்திருக்கும் பெட்டிகள்) எல்லா ஸ்ப்ரைட்டுக்கும் பொதுவாக உருவாக்கிவிடுங்கள். பிளாக் ஒன்றும் போட வேண்டாம். இதெல்லாம் எதற்கென்றால், படத் தொகுப்பைத் திறந்துவிட்டால் பிள்ளைகள் டைனோசர் தேடுவதிலேயே ஒரு பீரியடைக் கழித்துவிடுவார்கள். தமிழில் தட்டச்சு செய்யத் தேடித் தேடி அடிப்பதில் இன்னொன்று போகும். படத்தை மாற்றும் ஆசையைக் கடைசி பீரியடில் நிறைவேற்றிக்கொள்ளட்டும்.

பிளாக்கில் உள்ள ஆங்கிலச் சொற்களுக்குச் சுவரில் ஒரு சார்ட் ஒட்டுங்கள். இந்தக் கேமுக்குச் சுமார் இரண்டு டஜன் பிளாக் போதும். நிறம், சொல், தமிழில் அதன் வேலை என்று மூன்று பத்தி: ஆரஞ்சு நிற ஃபாரெவர் என்றால் ‘நிறுத்தும் வரை திரும்பத் திரும்ப’, வெளிர்நீல டச்சிங் என்றால் ‘தொடுகிறதா?’, பச்சை நிற மாட் என்றால் ‘வகுத்தால் மீதி’. நிறத்தைச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று எடுப்பார்கள். இரண்டாம் வாரத்தில் அந்தச் சொற்களையே படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசியாக, சேமிப்பது. நிறுவிய செயலி தானாகச் சேமிக்காது. கரண்ட் போனால் வேலையும் போய்விடும். ஆகவே 15 நிமிடத்துக்கு ஒருமுறை கைதட்டி எல்லோரையும் சேமிக்கச் சொல்லுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்காவிட்டால் எல்லாக் குழுவின் கோப்பும் ‘ஸ்க்ராட்ச் ப்ராஜெக்ட்’ என்றே நிற்கும், மறுநாள் யாருடையது எது என்று தெரியாது. குழு எண்ணும் நாள் எண்ணும் போதும்: 5அ-குழு4-நாள்2.

## 3. இருவருக்கு ஒரு கம்ப்யூட்டர்

தனித்தனியாக உட்காரவைக்கும் அளவுக்குக் கம்ப்யூட்டர் இருந்தாலும் இருவராகவே உட்காரவையுங்கள். ஒருவர் ‘கை’, மற்றவர் ‘கண்’. மவுஸ் கையிடம் மட்டும்தான். என்ன எடுக்க வேண்டும், எங்கே பொருத்த வேண்டும் என்று கண் வாயால் சொல்ல வேண்டும். 8 நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்து மாற்றுங்கள். மணி இல்லாமல் விட்டால் வேகமான பிள்ளையிடமே மவுஸ் தங்கிவிடும், மற்றவர் எட்டு பீரியடும் வேடிக்கை பார்ப்பார்.

ஆசிரியர் மவுஸைத் தொடக்கூடாது. இது கண்டிப்பான விதி. தொட்டால் பத்து வினாடியில் பிழை சரியாகும், அதோடு அந்தப் பிள்ளை தேடுவதும் நின்றுபோகும். விரலால் திரையைக் காட்டி, “இந்த பிளாக் என்ன சொல்லுது, படி” என்று கேளுங்கள். பெரும்பாலும் படிக்கும்போதே பிழை தெரிந்துவிடும்.

## 4. காகிதத்தில் ஒருமுறை ஆடுங்கள் (முதல் பீரியட்)

முதல் நாள் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். அட்டையில் வட்டம் வெட்டி எண் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் மேசை மேல் வட்டத்தை மெதுவாக நகர்த்தட்டும், மற்றவர் தட்டை வைத்துப் பிடிக்கட்டும். மூன்றாமவர் வாயால் மதிப்பெண் சொல்லட்டும்.

பிறகு நோட்டில் நான்கு கேள்விக்கு விடை எழுத வேண்டும். எது தானாக நகரும்? எதை நாம் நகர்த்துவோம்? எப்போது மதிப்பெண் கூடும்? எப்போது உயிர் போகும்? “சரியாப் பிடிச்சா” என்று எழுதினால் விடாதீர்கள். சரி என்றால் என்ன என்று கேளுங்கள். “7-ஆல் வகுத்தால் மீதி 0 வந்தால்” என்ற வரி வரும் வரை கேளுங்கள். எட்டாவது பிரிவில் பச்சை பிளாக்கில் போடப் போவது அதே வரியைத்தான்.

## 5. கூடையை நகர்த்துதல் (இரண்டாம் பீரியட்)

பழத்தை முதலில் செய்யச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். கூடையிலிருந்தே தொடங்குங்கள். விசையை அழுத்தினால் உடனே நகர்வதைப் பார்ப்பதால், பிளாக் சொன்னபடி கம்ப்யூட்டர் கேட்கிறது என்பது முதல் நாளே உறுதிப்படும்.

கூடை ஸ்ப்ரைட்டைத் தேர்ந்தெடுங்கள். பச்சைக்கொடி பிளாக், அதன்கீழ் ஃபாரெவர். அதற்குள் இரண்டு இஃப், அதாவது ‘இப்படியானால்’. வலது அம்பு அழுத்தப்பட்டால் x-ஐ 10 மாற்று. இடது அம்பு அழுத்தப்பட்டால் x-ஐ -10 மாற்று.

கேம் ஓடும் திரைப்பகுதியான ஸ்டேஜின் அகலம் 480, நடுவில் 0, வலது ஓரம் 240, இடது ஓரம் -240. -10 என்றால் என்ன என்ற கேள்வி வரும். தரையில் சாக்பீஸால் எண்கோடு வரைந்து ஒரு பிள்ளையை நிற்கவைத்து, “வலப்பக்கம் கூட்டு, இடப்பக்கம் கழி” என்று நடத்திக் காட்டினால் இந்தக் கேமுக்கு அது போதும்.

இங்கே வரும் தவறுகள் மூன்று:

ஃபாரெவர் இல்லாமல் இஃப் மட்டும் போடுவது. கொடியை அழுத்திய கணத்தில் ஒரே ஒருமுறை கம்ப்யூட்டர் பார்க்கும், அப்போது விசை அழுத்தப்படவில்லை, வேலை முடிந்தது. பிளாக்கைச் சுற்றி மஞ்சள் ஒளி வந்தவுடன் அணைந்துவிடுவதைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

கூடையின் பிளாக்குகளைப் பழத்தில் போட்டுவிடுவது. வகுப்பில் அதிகம் நடப்பது இதுதான். கொடியை அழுத்தினால் ஆப்பிள் ஓடும். ஸ்டேஜ் தேர்வாகியிருந்தால் இன்னும் குழப்பம், நீல நிற நகர்வு பிளாக்குகளே காணாமல் போய்விடும். பிளாக் எடுப்பதற்கு முன் “யாருக்குச் சொல்றோம்?” என்று கண் கேட்க வேண்டும், கை பெயரைச் சொல்ல வேண்டும். அதையே பழக்கமாக்குங்கள்.

மஞ்சள் நிற ‘விசை அழுத்தியபோது’ பிளாக்கைப் பயன்படுத்துவது. கூடை நகரும், ஆனால் விசையைப் பிடித்தபடியே இருந்தால் முதல் அடிக்குப் பிறகு சற்று நின்றுதான் தொடரும். தவறென்று சொல்ல வேண்டாம். இரண்டையும் செய்து பார்த்து எது வழுக்கிக்கொண்டு போகிறது என்று அவர்களே சொல்லட்டும்.

## 6. பழம் விழுதல் (மூன்றாம் பீரியட்)

பழத்தைத் தேர்ந்தெடுத்து இந்த வரிசையில் அடுக்க வேண்டும்:

கொடி. ஃபாரெவர். அதற்குள், x -200 முதல் 200 வரை ஏதாவது ஓர் எண், y 120 என்ற இடத்துக்குப் போ. பிறகு ரிப்பீட் அன்டில், அதாவது ‘இது நடக்கும் வரை’. நிபந்தனை: y, -150-ஐ விடக் குறைவு. உள்ளே: y-ஐ -2 மாற்று.

y 120 என்பதற்குக் காரணம், அடுத்த பிரிவில் எண்ணைப் பேச்சுக்குமிழில் காட்டப் போகிறோம். ஸ்டேஜின் உச்சி 180. பழத்தை அங்கே வைத்தால் குமிழுக்கு மேலே இடமில்லாமல் பழத்தின் மேலேயே வந்து விழும்.

-2 என்பதற்கும் காரணம் உண்டு. ஸ்க்ராட்ச் இந்தச் சுற்றை வினாடிக்கு 30 முறை ஓட்டும். 270 அலகைக் கடக்க 2 வீதம் சுமார் நாலரை வினாடி ஆகும். 9 வயதுப் பிள்ளை 57-ஐப் பார்த்து யோசித்துக் கூடையை நகர்த்த அந்த நேரம் வேண்டும். -4 போட்டால் இரண்டே கால் வினாடிதான், யோசிக்க நேரமில்லாமல் எல்லாவற்றுக்கும் பாய்வார்கள். கணக்கு கேமில் வேகம் எதிரி.

இங்கே ஒரு பிழையை அருகில் நின்று பார்க்க வேண்டும். சில குழுக்கள் ‘குறைவு’ பிளாக்குக்குப் பதில் ‘சமம்’ பிளாக்கை எடுக்கும்: y = -150 ஆகும் வரை. கேம் நன்றாகவே ஓடும். 120-லிருந்து இரண்டிரண்டாக இறங்கினால் 135-ஆவது அடியில் மிகச் சரியாக -150-இல் நிற்கிறது அல்லவா! அடுத்த நாள் யாராவது வேகத்தை -4 ஆக்குவார்கள். பழம் தரைக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். “சார், நேத்து ஓடுச்சு, இன்னிக்கு ஓடல.” 270-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2. பழம் -148-இலிருந்து -152-க்குத் தாவிவிடும், -150-ஐத் தொடுவதே இல்லை. தாளில் 120, 116, 112 என்று எழுதி, கடைசி நான்கு எண்ணை மட்டும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வகுத்தலும் மீதியும் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை கிடையாது. முழு பீரியடே போனாலும் பரவாயில்லை.

## 7. எண்ணைத் தருதல் (நான்காம் பீரியட்)

ஏதாவது ஓர் எண்ணைத் தரும் பிக் ரேண்டம் பிளாக்கில் 1 முதல் 80 என்று போடத் தோன்றும். போட்டால் 80 எண்களில் 7-இன் மடங்கு 11 மட்டும்தான். சரியான பழம் ஒன்று வர அரை நிமிடம்கூட ஆகலாம், பிள்ளை கொட்டாவி விடும். பாதிக்குப் பாதி வர வேண்டுமென்றால்:

எண் = (7 × 1 முதல் 10-க்குள் ஒன்று) + 0 முதல் 1-க்குள் ஒன்று

சரியான எண்ணும் அதற்கு அடுத்த எண்ணும் சமவாய்ப்பில் வரும். 56 வரும், 57-ம் வரும். பார்த்தவுடன் பிரிக்க முடியாது, வாய்ப்பாடு தெரிந்தால்தான் முடியும்.

இந்த ‘எண்’ணை வைக்கும் பிளாக், ஃபாரெவருக்குள், மேலே போ பிளாக்குக்கு அடுத்து வர வேண்டும். அதன்கீழ் ஊதா நிற ‘சே’ பிளாக், அதற்குள் எண். வினாடி கேட்கும் ‘சே’ பிளாக் வேறொன்று உண்டு. அதை எடுத்தால் 2 வினாடிக்குப் பழம் அந்தரத்தில் நின்றுவிட்டு, பிறகு எண்ணில்லாமல் விழும்.

பச்சை பிளாக்குகளை ஒன்றுக்குள் ஒன்று வைப்பதில் தடுமாறுவார்கள். பெருக்கலுக்குள் கூட்டல் போய்விட்டால் 7 × (ஒன்று + ஒன்று) ஆகிவிடும். அப்போது விழும் ஒவ்வொரு எண்ணும் 7-இன் மடங்காகவே இருக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, அதனால் பிள்ளைகள் கவனிக்கவும் மாட்டார்கள். பத்து எண்ணை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பத்தும் மடங்காக வந்த குழுவில் அடைப்புக்குறி தவறான இடத்தில் இருக்கிறது. சரியான வழி: முதலில் வெறும் கூட்டல் பிளாக்கை வெளியே வைத்து, அதன் இடப்பக்கக் குழியில் பெருக்கலைப் போடுவது.

## 8. பிடித்ததா, சரியா? (ஐந்தாம், ஆறாம் பீரியட்)

முதலில் ரிப்பீட் அன்டில் நிபந்தனையை விரியுங்கள்: y, -150-ஐ விடக் குறைவு அல்லது கூடையைத் தொடுகிறது. இரண்டில் ஒன்று நடந்தால் விழுவது நிற்கும்.

அந்தச் சுற்றுக்கு வெளியே, ஆனால் ஃபாரெவருக்கு உள்ளே, ஓர் இஃப்: கூடையைத் தொடுகிறதா? அதற்குள் இஃப்-எல்ஸ்: எண் மாட் 7 = 0 என்றால் மதிப்பெண்ணை 1 கூட்டு, இல்லையென்றால் உயிரை 1 குறை.

வரிசை மாறினால் எல்லாம் போச்சு. தொடுகிறதா என்ற கேள்வியை ஃபாரெவரின் தொடக்கத்தில், ‘மேலே போ’வுக்கு அடுத்து வைக்கும் குழு எப்போதும் இருக்கும். கேள்வி கேட்கும்போது பழம் ஏற்கெனவே உச்சிக்குப் போய்விட்டது, கூடையைத் தொடவில்லை, மதிப்பெண் 0-விலேயே நிற்கும். ஒரு பிள்ளையைப் பழமாக்கி, பிளாக்குகளை மேலிருந்து கீழாக இன்னொருவர் படிக்க, நடந்து காட்டச் சொல்லுங்கள். “மேலே போ” என்றதும் பழம் ஓடிவிடும், “தொடுறியா?” என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும், வரிசையும் புரிந்துவிடும்.

இன்னொன்று, தொடுகிறதா என்பதைத் தனி ஃபாரெவரில் வைப்பது. பழம் கூடையைத் தொட்டு நிற்கும் கணத்தில் இரண்டு சுற்றும் போட்டிபோடும். மதிப்பெண் சில சமயம் கூடும், சில சமயம் கூடாது, சில சமயம் இரண்டாகக்கூடும். காரணம் தேடி அலைவார்கள். ஒரே சுற்றில் வைக்கச் சொல்லுங்கள்.

## 9. உயிரும் நேரமும் (ஏழாம் பீரியட்)

கொடிக்கு அடுத்து, ஃபாரெவருக்கு முன்னால், மதிப்பெண் 0, உயிர் 3. இதை ஃபாரெவருக்குள் போட்டால் ஒவ்வொரு பழத்துக்கும் உயிர் 3 ஆகிவிடும், உயிர் தீரவே தீராது. உயிர் குறையும் இடத்தில் ஓர் இஃப்: உயிர் 1-ஐ விடக் குறைவு என்றால் எல்லாவற்றையும் நிறுத்து.

நேரத்தை ஸ்டேஜில் எழுதுங்கள்: நேரம் 90 என்று வை, 90 முறை திரும்பச் செய்: 1 வினாடி காத்திரு, நேரத்தை -1 மாற்று. முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்து. 90 வினாடியில் சுமார் 20 பழம் வரும். 60 போதாது.

## 10. இடம் மாறி ஆடுதல் (எட்டாம் பீரியட்)

ஒவ்வொரு குழுவும் அடுத்த குழுவின் கேமை ஆட வேண்டும். செய்தவர்கள் பின்னால் நின்று பார்க்கலாம், பேசக்கூடாது. “அம்பு விசையை அழுத்து” என்று சொல்லத் துடிப்பார்கள். சொல்லாமல் பார்த்தால்தான், தங்கள் கேமில் எது புரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று விஷயம் குறிக்கட்டும்: முதலில் எதை அழுத்தினார்கள், எங்கே நின்றார்கள், எந்த எண்ணில் உயிர் போனது. மூன்றாவது குறிப்பை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த வாய்ப்பாட்டில் தடுமாற்றம் என்ற பட்டியல் அதுவே.

முழுத்திரையில் ஆடச் சொல்லுங்கள். சிறிய திரையில் பழத்தை மவுஸாலேயே பிடித்துக் கூடையில் போட முடியும், போடுவார்கள். அம்பு வேலை செய்யவில்லை என்றால் ஸ்டேஜில் ஒருமுறை கிளிக் செய்தால் சரியாகும். யாராவது ஸ்ப்ரைட்டையே அழித்துவிட்டால் பதற வேண்டாம், எடிட் மெனுவில் ‘ரீஸ்டோர் ஸ்ப்ரைட்’ இருக்கிறது. உடனே செய்ய வேண்டும்.

## 11. புரிந்ததா என்று பார்ப்பது

கேம் ஓடுகிறது என்பதால் பிள்ளைக்குப் புரிந்தது என்று ஆகாது, பக்கத்துக் குழுவைப் பார்த்தும் அடுக்கியிருக்கலாம். ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே ஒரு வேலை கொடுங்கள்: “இதை 8-ஆம் வாய்ப்பாட்டுக்கு மாற்று.”

7 இரண்டு இடத்தில் இருக்கிறது, பெருக்கலில் ஒன்று, மீதியில் ஒன்று. பாதிப் பேர் பெருக்கலில் மட்டும் மாற்றுவார்கள். அப்போது 8-ஐப் பிடித்தால் உயிர் போகும், 49-ஐப் பிடித்தால் மதிப்பெண் கூடும். எதுவும் சொல்லாமல் ஆடவிடுங்கள். “8 சரிதானே, ஏன் உயிர் போச்சு?” என்று கேட்டு, பிளாக்குகளுக்குத் திரும்பிப்போய் இரண்டாவது 7-ஐத் தேடும் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. ஒரே தடவையில் இரண்டையும் மாற்றியவர்களுக்கு அடுத்த வேலை: ‘வாய்ப்பாடு’ என்று ஒரு வேரியபிள் உருவாக்கி இரண்டு இடத்திலும் அதையே போடுவது. பிறகு எந்த வாய்ப்பாட்டுக்கும் ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

1 முதல் 3-ஆம் வகுப்பு வரை இந்தக் கேம் வேண்டாம். அவர்களுக்கு டேப்லெட்டில் ஸ்க்ராட்ச் ஜூனியர் போதும். பிளாக்கில் எழுத்துக்குப் பதில் படம்தான் இருக்கும், இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். ‘பூனை 5 கட்டம் போய் 2 கட்டம் திரும்பினால் எங்கே நிற்கும்?’ என்று முதலில் சொல்லவைத்து, அப்புறம் கொடியைத் தொடச் சொல்லுங்கள்.